சமோத்திராக்கித் தீவின் மலை, டிராயிலிருந்து உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியுமா?

கேள்வி: தேவிபட்டினம் ஆசிரியை

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில் இப்போது ஹோமரின் இலியட் காவியத்தைத் தமிழில் படித்து வருகிறோம். அதன் பதின்மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், கடல் தெய்வமான பொசைடன், ஏஜியன் கடலின் வடபகுதியில் உள்ள, காடு அடர்ந்த சமோத்திராக்கித் தீவின் மிக உயர்ந்த சிகரத்தில் அமர்ந்து டிராய்ப் போரைக் கவனித்ததாகவும், அங்கிருந்து இன்றைய துருக்கிக் கரையை ஒட்டி இருந்த டிராய் நகரமும் அதன் பக்கத்து ஈடா மலையும் கிரேக்கரின் கப்பல்களும் அவனுக்கு நன்றாகத் தெரிந்ததாகவும் வருகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், சமோத்திராக்கிக்கும் டிராய்க்கும் நடுவே இம்பிரோஸ் என்ற இன்னொரு தீவு, அதுவும் சமோத்திராக்கியைவிடப் பெரிய தீவு, குறுக்கே கிடக்கிறது.

வட்டத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைப் பிடித்துக்கொண்டான். அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. “ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். ராமர் பாதத்துக்குப் படியேறிப் போய் மேலே நின்றால் ஊரும் கோபுரமும் சுற்றிக் கடலும் தெரிகின்றன, ஆனால் இலங்கை தெரிவதில்லை. நடுவில் ஒன்றுமே இல்லாதபோதே நமக்குத் தெரியவில்லை என்றால், ஒரு தீவே குறுக்கே நிற்கும்போது அந்தச் சாமிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?” என்று கேட்டான். சாமி என்பதால் தெரிந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். அந்த மலையின் உயரம் என்ன? இம்பிரோசைத் தாண்டி அது டிராய்க் கடற்கரைக்குத் தெரியுமா, அல்லது அது கவிஞரின் கற்பனையா? மேலும், அவ்வளவு சிறிய தீவில் அவ்வளவு பெரிய மலை எப்படி எழுந்தது? மணல்மேட்டையே பர்வதம் என்று கும்பிடும் கரையில் பிறந்த எங்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மிகவும் வியப்பாக இருக்கிறது.

மறுமொழி: கீழக்கரை மாலுமி

வணக்கம் டீச்சர். சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கருங்கடல் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் ஏஜியன் கடல் வழியாக வடக்கே ஏறி டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழையும். அந்த வாயிலை நெருங்கும்போது இடது கைப்பக்கம் இம்பிரோஸ் கிடக்கும். வானம் தெளிந்த நாளில் அதற்குப் பின்னால், அதன் முதுகுக்கு மேலே, சாம்பல் நீலத்தில் இன்னொரு மலை எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பனிக்காலமாக இருந்தால் இம்பிரோஸ் கறுத்தும் பின்னால் நிற்கும் மலை வெளுத்தும் தெரிவதால், எது எந்தத் தீவு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே உங்கள் மாணவனிடம் ஹோமர் பொய் சொல்லவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் பார்த்தேன் என்பது சாட்சியம்தான், விளக்கம் ஆகாது. கணக்கையும் தருகிறேன். சமோத்திராக்கியின் சிகரத்துக்குப் பழைய பெயர் சாவோஸ், இன்றைய பெயர் ஃபெங்காரி. அதன் உயரம் 1,611 மீட்டர். இம்பிரோஸ் இன்று துருக்கியிடம் கோக்செஅடா என்ற பெயரில் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த குன்று 673 மீட்டர். வரைபடம் தீவு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்றுதான் காட்டும். அது எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதைக் காட்டாது. உங்கள் மாணவனின் ஐயம் அந்த இடைவெளியில்தான் பிறந்திருக்கிறது, அது நியாயமான ஐயமும்கூட.

பூமி உருண்டை என்பதால் தொலைவில் உள்ள பொருள் அடியிலிருந்து மறைந்துகொண்டே வரும். ஒரு பொருள் எவ்வளவு தொலைவு வரை தெரியும் என்பதற்குக் கப்பலில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08 ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். பார்ப்பவரின் கண் உயரத்துக்கும் அதேபோல் கணக்கிட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். காற்று ஒளியைச் சற்றே வளைத்துக் கொடுப்பதும் அந்த 2.08இல் அடங்கியிருக்கிறது. 1,611இன் வர்க்கமூலம் சுமார் 40. ஆகவே கடல்மட்டத்தில் நிற்பவருக்கே அந்தச் சிகரம் 83 கடல் மைல், அதாவது 150 கிலோமீட்டருக்கும் மேல், தெரிய வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு இன்னும் 10 கடல் மைல் கூடும்.

இதை நம் கரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 40 மீட்டர் உயரமுள்ள ஒரு கலங்கரை விளக்கத்தை, வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவர் சுமார் 16 கடல் மைல் வரைதான் காண முடியும், அதற்கு மேல் அது கடலுக்குள் இறங்கிவிடும். நம் மீனவர்கள் கோபுரத்தையும் தேவாலயக் கூம்பையும் பள்ளிவாசல் மினாராவையும் பனைக்கூட்டத்தையும் அடையாளம் வைத்துத் திசை பிடிப்பதெல்லாம் கரையிலிருந்து அந்த எல்லைக்குள்தான். சமோத்திராக்கியைச் சுற்றிக் கடலோடியவர்களுக்கோ, பகல் முழுக்கக் கண்ணை விட்டு அகலாத ஓர் அடையாளம் கிடைத்திருந்தது.

இனி டிராய்க்கு வருவோம். டிராய் மேட்டிலிருந்து சமோத்திராக்கிச் சிகரம் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். மேட்டின் உயரத்தைச் சுமார் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மலையின் அடியில் 200 மீட்டர் அளவுக்குப் பூமியின் வளைவு மறைத்துவிடும். மீதமுள்ள 1,400 மீட்டர் தொடுவானத்துக்கு மேலே நிற்கும். கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ ஒரு பாகை. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அந்த விரலின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. இம்பிரோசின் மிக உயர்ந்த குன்றையே நேர்கோட்டில் கொண்டுவந்து வைத்தாலும் அது முக்கால் பாகைக்குச் சற்று மேலேதான் வரும். குறுக்கே நிற்பது உண்மை. மறைக்க அதற்கு உயரம் போதாது, அவ்வளவுதான்.

மறுமொழி: பாம்பன் வாசகர்

கீழக்கரைக் காக்கா (எங்கள் கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் காற்றின் வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. அது எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் சில இரவுகளில் தலைமன்னார்ப் பக்கத்து வெளிச்சம் தெரிவதாகவும் மற்ற இரவுகளில் தெரியாது என்றும் நம்மவர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கடல்நீர் குளிர்ந்தும் மேலே காற்று சூடாகவும் இருக்கும்போது தொலைவுப் பொருள்கள் தூக்கிக் காட்டப்படும். அது தலைகீழானால் அமுங்கிப் போகும். ஆனால் ஒரு பாகைக்கும் முக்கால் பாகைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையான தடை கோடைக்கால மங்கல்தான். ஆடி ஆவணியில் அங்கே போய் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்புபவர்கள் இருக்கக்கூடும்.

இந்த ஐயம் உங்கள் மாணவனுக்கு மட்டும் வந்ததல்ல, டீச்சர். கிங்லேக் என்ற ஆங்கிலேயர் 1844இல் வெளிவந்த தம் பயண நூலில் இதையேதான் எழுதியிருக்கிறார். வரைபடத்தைப் பார்த்து, இம்பிரோஸ் குறுக்கே நிற்கிறதே, கவிஞர் தவறிவிட்டார் போலும் என்று எண்ணியவர், டிராய்க் கரைக்கு நேரில் போனபோது இம்பிரோசுக்கு மேலே, வெகு உயரத்தில், சமோத்திராக்கி நிற்பதைக் கண்டு வியந்துபோனார். கவிஞர் அந்தக் கரையில் நின்றிருக்க வேண்டும், அல்லது நின்றவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்பவர் எவரும் கண்ணுக்கு நேரே கிடக்கும் இம்பிரோசைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்.

மறுமொழி: தொண்டி நண்பர்

ஒரு சிறு தெளிவு. கிரேக்கத் தீவுகளிலேயே மிக உயர்ந்த மலை என்று யாராவது இதை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அந்தப் பெருமை கிரீட் தீவின் சிலோரிட்டிஸ் மலைக்கு உரியது. அதன் உயரம் 2,456 மீட்டர். அதே தீவின் பாக்னஸ் சிகரம் 2,453 மீட்டர், மூன்றே மீட்டர் குறைவு. எவியாத் தீவின் டிர்ஃபிஸ் 1,743 மீட்டர். கெஃபலோனியாவின் ஐனோஸ் 1,628 மீட்டர், ஆனால் அது மேற்கே அயோனியன் கடலில் இருக்கிறது. ஏஜியன் கடலில் கிரீட்டையும் எவியாவையும் விட்டால் அடுத்து நிற்பது சமோத்திராக்கிதான். மற்றவை எல்லாம் பெரிய தீவுகள். சமோத்திராக்கியின் பரப்பு வெறும் 178 சதுர கிலோமீட்டர்.

மறுமொழி: மண்டபம் நிலவியல் மாணவி

ஆசிரியை கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன்.

சிறிய தீவில் பெரிய மலை என்று பார்ப்பதைவிட, ஒரு பெரிய மலையின் மேற்பகுதி மட்டும் கடலுக்கு வெளியே நிற்கிறது என்று பார்ப்பது உண்மைக்கு நெருக்கமானது. சமோத்திராக்கிக்குத் தெற்கே கடலடியில் வட ஏஜியன் அகழி ஓடுகிறது. அதன் ஆழம் பல இடங்களில் 1,000 மீட்டருக்கும் மேல். கடலை இறைத்துவிட்டு அந்த அகழியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இரண்டரை கிலோமீட்டருக்கும் உயர்ந்த ஒரு சுவராக இந்த மலை தோன்றும். நம் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பகுதியில், பெரும்பாலான இடங்களில் ஒரு பனைமரத்தை நட்டால் அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரியும் என்பதை நினைத்துக்கொண்டால் இரு கடல்களின் தன்மையும் விளங்கிவிடும்.

அந்த அகழியை உண்டாக்கியது வட அனத்தோலியப் பிளவு. துருக்கியின் வடபகுதி முழுவதையும் கிழக்கு மேற்காக 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கிழித்துக்கொண்டு வரும் இந்தப் பிளவு, மர்மரா கடல் வழியாக ஏஜியனுக்குள் இறங்கிச் சமோத்திராக்கியின் தெற்குப் பக்கமாகப் போகிறது. இதன் தென்புறத்தில் உள்ள அனத்தோலியத் தட்டு ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மேற்கு நோக்கி நகர்கிறது. 1999இல் இஸ்மித் நகரை அழித்த நிலநடுக்கம் இதே பிளவில் கிழக்கே நிகழ்ந்தது. 2014 மே 24 அன்று இதே பிளவின் கடலடிப் பகுதியில், சமோத்திராக்கிக்கு அருகிலேயே, 6.9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. இத்தகைய பிளவுகளில் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும்போது ஒரு பக்கம் இழுபட்டுத் தாழ்ந்து அகழியாகும், பக்கத்தில் இருக்கும் கரை உயர்ந்து நிற்கும். மலையின் நடுவே இருப்பதோ, பூமிக்கு அடியில் உருகிய நிலையில் ஊடுருவி மெல்லக் குளிர்ந்த கருங்கல். எளிதில் கரையாத பாறை என்பதால் மழையும் பனியும் இத்தனை காலம் செதுக்கியும் அது தலை தாழவில்லை.

நம் கரை இதற்கு நேர்மாறானது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் காலுக்கு அடியில் இருப்பவை பெரும்பாலும் பவளப்பாறையும் கிளிஞ்சல் கலந்த மணற்பாறையும் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலும்தான். இங்கே நிலத்தை மேலே தள்ளும் பிளவு எதுவும் இல்லை. வாடைக்காற்றும் கச்சான் காற்றும் சேர்த்துக் குவித்ததே நமக்கு மேடு.

மலை இருப்பதால் அந்தத் தீவுக்குக் கிடைத்த பெரிய சொத்து தண்ணீர். கோடையில் காய்ந்து கிடக்கும் ஏஜியன் தீவுகளுக்கு நடுவே சமோத்திராக்கியில் ஓடைகள் கோடையிலும் ஓடுகின்றன. கடலில் இருந்து வரும் ஈரக்காற்றை மலை நிறுத்தி மேகமாக்கி இறக்கிக்கொள்கிறது, பனிக்காலத்துப் பனியையும் தேக்கி வைக்கிறது. வடக்குச் சரிவில் ஃபோனியாஸ் போன்ற ஓடைகள் பாறைக் குழிகளில் குளம் குளமாகத் தேங்கி அருவிகளாக விழுகின்றன. நம் தலைக்கு மேலே போகும் மேகத்தைக் கையைப் பிடித்து நிறுத்த நமக்கு ஒரு குன்றும் இல்லை. கண்மாய்தான் உண்டு, அதுவும் வாடை மழை மனம் வைத்தால் நிரம்பும்.

ஆனால் ஹோமர் சொன்ன அந்தக் காடு இன்று பழைய நிலையில் இல்லை. தீவில் மக்கள் 3,000 பேருக்கும் குறைவு, ஆடுகள் அதைப்போலப் பல மடங்கு. கட்டிப் போடாமல் மலையில் மேயும் அந்த ஆடுகள் இளங்கன்றுகளை முளைக்க விடுவதில்லை, வேர் பிடிப்பில்லாத மண் மழையில் இறங்கிவிடுகிறது. 2017 செப்டம்பரில் பெய்த பெருமழையில் தீவின் தலைநகரான கோராவுக்குள் சேறும் பாறையும் இறங்கிப் பெரிய சேதம் ஏற்பட்டது. மலையின் உயரம் தரும் தண்ணீரே, மலை மொட்டையானால் இப்படித்தான் வந்து சேரும்.

மறுமொழி: தங்கச்சிமடம் வாசகர்

பொசைடனை விட்டுவிட்டு மனிதர்கள் இந்த மலையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால், எங்கள் வேதாகமத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. அப்போஸ்தலர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில், பவுல் துரோவாவிலிருந்து புறப்பட்டு நேராகச் சமோத்திராக்கிக்கும், மறுநாள் நெயாப்பொலிக்கும் போய்ச் சேர்ந்ததாக வருகிறது. துரோவா என்பது டிராய்க்குச் சற்றுத் தெற்கே இருந்த துறைமுகம். நெயாப்பொலி இன்றைய கவாலா. அதே நூலின் 20ஆம் அதிகாரத்தில் அதே கடலைத் திரும்பிக் கடக்க ஐந்து நாள் ஆனதாகச் சொல்லப்படுகிறது. பாய்க்கப்பலில் போகும்போது இரண்டு நாள், வரும்போது ஐந்து நாள் என்றால் அதன் காரணத்தை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போகும்போது தென்காற்று தள்ளியிருக்க வேண்டும். டார்டனெல்சிலிருந்து வெளியேறி மேற்கே ஓடும் நீரோட்டமும் போகும் வழிக்குத் துணை, வரும் வழிக்கு எதிரி. இவற்றுக்கு நடுவே, இம்பிரோசுக்கு மேலே தெரிந்த அந்தச் சிகரத்தை நோக்கி நேராகப் பாய் விரித்துப் போய் இரவைத் தீவுக்கு அருகில் கழித்திருக்கிறார்கள் என்பதை எளிதாக ஊகிக்கலாம்.

பவுலுக்கு வெகுகாலம் முன்பிருந்தே கடலோடிகளுக்கு அந்த மலையடிவாரம் பெரிய திருத்தலமாக இருந்தது. வடக்குக் கரையில் இன்று பலேயோபொலி என்று அழைக்கப்படும் இடத்தில் மாபெரும் தெய்வங்களின் ஆலயம் இருந்தது. அங்கே இரகசியச் சடங்குகளில் தீட்சை பெற்றவர்களைப் புயலிலிருந்து அந்தத் தெய்வங்கள் காக்கும் என்பது நம்பிக்கை. ஆணும் பெண்ணும், அடிமையும் அரசனும் அங்கே தீட்சை பெறலாம். மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், அலெக்சாந்தரின் தாயான ஒலிம்பியாசை அங்கேதான் சந்தித்தார் என்று புளுட்டார்க் எழுதியிருக்கிறார். 1863இல் ஷாம்ப்வாசோ என்ற பிரெஞ்சுத் தூதரக அதிகாரி அந்த இடிபாடுகளில் கண்டெடுத்த வெற்றித் தேவதையின் சிலைதான் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் படிக்கட்டின் தலைப்பில் நிற்கிறது. அது நிற்கும் பீடத்தைக் கவனியுங்கள். அது கல்லில் செதுக்கிய ஒரு கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி. கடல் வெற்றிக்கான நேர்த்தியாக அது அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

நேர்த்தி என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். புயலில் தப்பிய மாலுமிகள் அந்த ஆலயத்தில் படங்களைக் காணிக்கையாக மாட்டி வைத்திருந்தார்களாம். கடவுள் மறுப்பாளரான டயகோரஸ் அங்கே வந்தபோது நண்பர் ஒருவர் அந்தப் படங்களைக் காட்டி, தெய்வங்கள் காப்பாற்றியவர்கள் எத்தனை பேர் பார்த்தீர்களா என்று கேட்க, மூழ்கிப் போனவர்கள் படம் மாட்டவில்லையே என்று அவர் பதில் சொன்னதாக ரோமானியரான சிசரோ எழுதியிருக்கிறார். வெள்ளியில் படகு செய்து கோவில்களுக்குக் காணிக்கை கொடுக்கும் கரையில் வாழ்பவன் நான். எனக்கு அந்தப் பதில் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு என்னிடம் மறுமொழியும் இல்லை.

மறுமொழி: தொண்டி நண்பர்

ஏறிப் பார்க்க விரும்புவோருக்காகவும் எழுதுகிறேன், ஏனெனில் நான் கிரேக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த மலையில் ஏறியிருக்கிறேன். தீவுக்கு விமானம் கிடையாது. வடகிழக்குக் கிரேக்கத்தின் அலெக்சாந்திரூபொலி துறைமுகத்திலிருந்து காமரியோத்திசாவுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். ஏற்றம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன தெர்மா ஊரிலிருந்து தொடங்குகிறது. தெர்மா கடலோரத்தை ஒட்டிய ஊர் என்பதால், 1,600 மீட்டரில் ஏறத்தாழ ஒன்றைக்கூட யாரும் நமக்குத் தள்ளுபடி செய்து தர மாட்டார்கள். கொடைக்கானல் போகிறவன் பேருந்தில் உட்கார்ந்து ஏறிக்கொள்ளும் உயரத்தை இங்கே முழுக்கக் காலால் கட்ட வேண்டும்.

முதல் பாதி கருவாலிக் காடு. தண்டு பருத்து முறுக்கேறிய கிழட்டு மரங்கள், அடியில் புதர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆடு தின்ற நிலம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கிறது. மணிச்சத்தம் கேட்கும், ஆட்டைக் காண முடியாது. காடு முடிந்ததும் மரமே இல்லாத பாறை வெளி. உதிர்கல் காலுக்கடியில் நழுவும். பாதை என்பது முன்னால் போனவர்கள் கல்லின் மேல் கல் வைத்துக் குவித்திருக்கும் அடையாளங்கள்தான். மேகம் இறங்கிவிட்டால் அடுத்த கல்குவியல் தெரியாது, அப்போது துணிந்து நடப்பது மடமை. தண்ணீர் நிறைந்த தீவு என்ற பேச்சை நம்பிக் குறைவாக எடுத்துப் போகவும் கூடாது, ஓடைகள் எல்லாம் கீழேதான்.

நான் உச்சியில் நின்றபோது தெற்கிலும் கிழக்கிலும் கண்ணுக்கு எட்டியவரை தெளிவாக இருந்தது. இம்பிரோஸ் காலடியில் ஒரு பாய் விரித்ததுபோலத் தட்டையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஆசியக் கரை ஒரு மெல்லிய கோடு. மேற்கே அத்தோஸ் மலையின் கூம்பு கடலிலிருந்து தனியாக எழுந்து நின்றது. கீழேயிருந்து பார்க்கும்போது இம்பிரோஸ் மறைக்குமோ என்ற ஐயம் எழலாம். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வியே எழாது.

தேவிபட்டினம் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வட்டத்தில் காக்காவின் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டோம். அந்த மாணவன் உயரக் கணக்கை ஏற்றுக்கொண்டான், ஆனால் உடனே அடுத்ததைத் தொடங்கிவிட்டான். மலையிலிருந்து டிராய்ச் சமவெளி தெரியும் என்பது சரி, 77 கிலோமீட்டருக்கு அப்பால் கப்பல்களும் போர்வீரர்களும் தெரிவார்களா என்று கேட்கிறான். இதற்கும் கணக்கு உண்டா?

கீழக்கரை மாலுமி

உண்டு டீச்சர். நல்ல கண் உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 77 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கோணம் 22 மீட்டருக்குச் சமம். கரையில் இழுத்து வைத்த ஒரு பெரிய கப்பல் அந்த அளவுக்கு இருக்கலாம். ஆகவே மிகத் தெளிந்த நாளில், கப்பல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக நின்றால், கரையோரம் ஒரு கறுப்புக் கீறல் இருப்பதாக மனிதக் கண்ணுக்குத் தோன்றலாம். வீரர்கள் தெரிய வாய்ப்பே இல்லை. தூசிப்படலமும் எரியும் கப்பலின் புகையும் தெரிந்திருக்கும். யார் வெல்கிறார், யார் ஓடுகிறார் என்பதைப் பார்க்க மட்டும் சாமியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். தேவிபட்டினம் கரையில் காற்று தணிந்த காலை நேரத்தில் தண்ணீரோரமாக நின்று, கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றைத் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கண் உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அதைத் தாண்டியதும் படகின் உடல் முதலில் இறங்கும், பிறகு மேற்கூடம், கம்பம் கடைசியில். கம்பம் கடல்மட்டத்திலிருந்து ஆறு மீட்டர் உயரம் இருந்தால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வரை அதன் நுனி தெரிய வேண்டும். படகுக்காரரிடம் கைப்பேசியில் இருப்பிடத்தைக் கேட்டு, நுனி மறைந்த இடத்தின் தொலைவைக் குறித்துக்கொண்டு கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நடுப்பகலில் செய்ய வேண்டாம், கானல் குழப்பிவிடும்.